துளைக்குப் பிளாஸ்மா வேண்டாம். ஹீட் நம்பரை விட்டுவிடவும் வேண்டாம்

திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெட்டித் தரச் சொல்லி ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்திருந்த 25 மி.மீ. பிளேட்டுகள் ஒருவழியாக ஆய்வாளரின் கையெழுத்தோடு லாரி ஏறிவிட்டன. ஐஎஸ் 2062 இ350 தர எஃகு. வெளிவடிவத்தைக் கேஸ் கட்டிங்கில் வெட்ட வேண்டும், எம்20 (20 மி.மீ. போல்ட்) மரைத் துளைகளுக்கு மையம் மட்டும் பஞ்ச் செய்து தர வேண்டும் என்று ஆர்டரிலேயே தெளிவாக எழுதியிருந்தோம். வெளிவடிவத்தில் குறை சொல்ல ஏதுமில்லை.

ஆனால், டிரில்லிங் வேலை மிச்சமாகும் என்று, எங்களைக் கேட்காமலேயே மரை வெட்டுவதற்கு முன் போட வேண்டிய 17.5 மி.மீ. துளைகளையும், மின்சாரத்தால் கடும் சூடாக்கிய வாயுவைப் பாய்ச்சி வெட்டும் பிளாஸ்மாவில் போட்டுவிட்டார்கள். பிளேட்டின் கனத்தைவிடச் சிறிய விட்டத்தில் பிளாஸ்மா துளை நேராக இறங்காது. மேலே ஓர் அளவும் அடியில் வேறோர் அளவுமாகக் கூம்பிவிடும். அதைவிடக் கொடுமை, சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால் துளையின் உட்சுவர் இறுகிப்போவதுதான். காற்றைக் கொண்டு வெட்டும் பிளாஸ்மாவில் நைட்ரஜனும் விளிம்பில் ஏறிக்கொள்ளும். மரை வெட்டும் டேப் சற்றே இறங்கியதும் கிறீச்சிட்டு முறிந்து, முனை உள்ளேயே சிக்கிக்கொண்டது. "எல்லாரும் இப்படித்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க" என்று சூப்பர்வைசர் சொன்னதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

வாக்குவாதத்துக்குப் பிறகு அவர்கள் செலவிலேயே புதிய பிளேட்டில் வெட்டிக் கொடுத்தார்கள். ஆனால் எந்தத் துண்டிலும், ஆலையில் எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டும் ஹீட் நம்பர் இல்லை. டெஸ்ட் சர்டிஃபிகேட் கையில் இருந்தும், அது இந்தத் துண்டுகளுக்குத்தான் உரியது என்று காட்ட வழியில்லாததால் ஆய்வாளர் மறுத்துவிட்டார். நல்லவேளையாக, துண்டுகளை எடுத்த பிறகு மிஞ்சிய சட்டகம் ஸ்கிராப்புக்குப் போகாமல், பெயிண்டில் எழுதிய எண்ணோடு சுவரோரம் கிடந்தது. துண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பொருத்திக் காட்டினோம்; எஃகின் கலவையைக் காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனையும் ஒத்துப்போன பின், அவர் முன்னிலையிலேயே எண்ணைப் பஞ்ச் செய்தோம். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இனி வெட்டக் கொடுப்பவர்கள், மெஷினுக்குப் போகும் டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பிலிருந்து சிறு துளைகளின் வட்டங்களை நீக்கிவிட்டு மையக்குறியை மட்டும் விட்டுவையுங்கள். ஆபரேட்டர் பார்ப்பது கோப்பைத்தான், ஆர்டரை அல்ல. பிளாஸ்மாவில் வெட்டிய விளிம்பில் வெல்டிங் வருமானால் முதலில் கிரைண்டிங் செய்துவிடுங்கள், இல்லையேல் வெல்டில் காற்றுத்துளைகள் விழும். ஹீட் நம்பரை, துண்டுகள் வெட்டும் மேசையை விட்டு இறங்கும் முன்பே உங்கள் ஆள் ஒருவரை நிறுத்திப் பஞ்ச் செய்ய வையுங்கள். அதுவரை சட்டகத்தை ஸ்கிராப்பில் போட விடாதீர்கள்.