முதல் நிமிடமும் அதற்குப் பிறகும்

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு இன்று, உடல்தகுதியை அளக்கும் ஹார்வர்டு படிச் சோதனை நடத்தினேன். மெட்ரோனோம் என்ற தாளக்கருவியின் தட்டுக்கேற்ப நிமிடத்துக்கு 30 முறை என்ற கணக்கில் ஐந்து நிமிடம் ஒரு பெட்டியின் மேல் ஏறி இறங்கிவிட்டு, உடனே முக்காலியில் உட்கார வேண்டும். பிறகு 1, 2, 3 நிமிடங்கள் முடிந்ததும் தலா 30 விநாடி மணிக்கட்டில் நாடியை எண்ண வேண்டும். போர்க்காலமான 1943-இல் வெளியான முறை இது. ஒரு பெட்டியும் ஸ்டாப்வாட்சும் போதும் என்பதால்தான் எங்கள் பாடத்திட்டத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது.

ஐந்து நிமிடத்தையும் முடித்த மாணவிகளில் ஒருத்திக்கு எண்ணிக்கை 78, 60, 52. இன்னொருத்திக்கு 82, 76, 71. ஏறி இறங்கிய விநாடிகளை நூறால் பெருக்கி, மூன்று எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையின் இருமடங்கால் வகுத்தால், முதலாமவளுக்கு ஏறத்தாழ 79, இரண்டாமவளுக்கு 65.5 வருகிறது. 65 முதல் 79 வரை ஒரே தரம் என்பதால் இருவரும் 'சராசரிக்கு மேல்' என்றே பதிவேட்டில் எழுதினார்கள். ஒருத்தியின் இதயம் விரைந்து இறங்குகிறது, மற்றவளுடையது மேலேயே தங்கிவிடுகிறது என்ற செய்தி அந்தத் தரத்துக்குள் மறைந்துபோகிறது. அதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது, நின்றவுடன் வரும் முதல் நிமிடத்தை இந்தச் சோதனை எண்ணுவதே இல்லை என்பதுதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முதல் நிமிடத்தைப் பற்றி மாணவர்கள் கேட்டதால், கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வை வகுப்பில் எடுத்துச் சொன்னேன். ட்ரெட்மில் பரிசோதனைக்கு வந்த 2,428 பேரைச் சுமார் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், உச்சத்திலிருந்து முதல் நிமிடத்தில் நாடித்துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாக மட்டுமே இறங்கியவர்களிடையே, வயது முதலிய பிற காரணங்களைக் கழித்துப் பார்த்த பின்னும், இறப்பு அபாயம் இருமடங்காக இருந்தது.

உடற்பயிற்சியின்போது, இதயத்துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு தன் பிடியைத் தளர்த்திவிடுகிறது. அட்ரினலினும் பரிவு நரம்புகளும் இதயத்தை விரட்டுகின்றன. நின்றதும் அட்ரினலின் உடனே வடிந்துவிடுவதில்லை, அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஆனால் வேகஸ் சில விநாடிகளிலேயே திரும்பிக் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1994-இல் அட்ரோபின் கொடுத்து வேகஸை முடக்கியபோது, தொடக்கத்தின் அந்த வேகமான இறக்கம் மழுங்கிப்போனது. பனிச்சறுக்கு வீரர்களிடம் அது மிக விரைவாகவும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் மந்தமாகவும் இருந்ததையும் அவர்கள் காட்டினார்கள்.

கடைசி வரிசை மாணவன் ஒருவன் முதல் நிமிட இறக்கத்தைக் காட்டும் கைக்கடிகாரத்தை நீட்டி, "எனக்கு முப்பத்துநாலு காட்டுது மேடம்" என்றான். நின்றானா, நடந்தானா, படுத்தானா என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. கிளீவ்லேண்டில் 12 என்பது, ஓட்டத்துக்குப் பின் மணிக்கு 2.4 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல நடந்தவர்களுக்கான வரம்பு. உடனே படுக்கவைத்து அளக்கும் இடங்களில் 18 என்று கொள்கிறார்கள். அதோடு, அது நடுவயது நோயாளிகளிடம் கண்ட எண். பதினெட்டு வயதுப் பையன் அதை வைத்துப் பெருமைப்படுவதில் பொருளில்லை. இதயத்துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு உச்சமே தாழ்ந்திருக்கும் என்பதால் அவர்களுடைய கணக்கு வேறு.

ஆகஸ்ட் 8, வியாழன்

அடுத்த பிரிவினரின் சோதனையில், படியை விட்டு இறங்கிய ஒரு மாணவன் முக்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றான். சிறிது நேரத்தில் உதடு வெளிறி, நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக அரும்பியது; "கண்ணு இருட்டுது மேடம்" என்று சொல்வதற்குள் முழங்கால் மடங்கிவிட்டது. தரையில் படுக்கவைத்து, கால்களை முக்காலியின் மேல் தூக்கிவைத்ததும் இரண்டொரு நிமிடத்தில் தெளிந்துவிட்டான்.

ஓடும்போது கெண்டைக்காலும் தொடையும் ஒவ்வொரு சுருக்கத்திலும் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சட்டென்று நின்றால் அந்தத் தள்ளல் நின்றுவிடுகிறது. தசைக்குள் விரிந்த தமனிகளோ விரிந்தபடியே இருக்கின்றன. இரத்தம் கால்களில் தேங்க, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது, அழுத்தம் சரிகிறது. மாரத்தான்களில் ஓடும் வழியைவிட முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகே பலரும் சரிந்து விழுவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஓட்டத்தின் நடுவில் விழுபவரைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். அங்கே வெப்பத்தாக்கோ இதயக் கோளாறோ இருக்கக்கூடும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

எங்கள் ஆய்வக உதவியாளருக்கு இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல். மாலையில் வேகநடை போகிறார். இன்று அவர் சம்மதத்தோடு கல்லூரி மைதானத்திலேயே அளந்தேன். நடைக்கு முன் 138/86. முடிந்த உடனே 170/84. மேல் எண் ஏறியிருப்பதும் கீழ் எண் ஏறக்குறைய அப்படியே நிற்பதும் இயல்புதான், ஆனால் அவர் பதறிவிட்டார். மூன்றாம் நிமிடத்தில் 148 ஆனது. முக்கால் மணி நேரம் கழித்து 122/78 என்று வந்ததும், "குணமாயிடுச்சு போலிருக்கே மேடம்" என்று சிரித்தார்.

குணமாகவில்லை. பயிற்சிக்குப் பின் அழுத்தம் பழைய அளவுக்குக் கீழே போய்ச் சில மணி நேரம் அங்கேயே நிற்கும். இப்படி இறங்குவதை ஆங்கிலேய உடலியலாளர் லெனார்ட் ஹில் 1898-இலேயே பதிவு செய்திருக்கிறார்; 400 கெஜ ஓட்டத்துக்குப் பின் அவர் அளந்தது அது. நடை முடிந்து வரும் வழியில் மருந்துக்கடையில் அளந்துகொள்பவர்கள் எத்தனையோ பேர்; மூச்சு வாங்கும்போது அளந்தால் வீண் பயம், சற்றுப் பொறுத்து அளந்தால் வீண் நிம்மதி. காலையில் நடைக்கும் காப்பிக்கும் முன்னால், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளந்து எழுதிவரும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

உதவியாளர் நோட்டுடன் வந்தார். காலை அளவுகள் 134-க்கும் 142-க்கும் இடையில் இருக்கின்றன. அதை அப்படியே தம் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். மாலையில் ஏன் இறங்குகிறது என்று கேட்டார். மூளையானது இரத்த அழுத்தத்தைக் காக்கும் இலக்கையே சற்றுத் தாழ்த்திக்கொள்கிறது. கூடவே, உழைத்த தசைகளில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் இரத்தக்குழாய்களை விரிந்தே இருக்கச் செய்கிறது. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஹாலிவில் குழுவினர் ஹிஸ்டமினின் இருவகை ஏற்பிகளையும் மாத்திரையால் அடைத்தபோது அந்த விரிவு வெகுவாகக் குறைந்தது.

"அப்போ தும்மலுக்கு ராத்திரி போடுற மாத்திரை நடையைக் கெடுத்திடுமா?" என்று உடனே மடக்கினார். நல்ல கேள்வி. அவர்கள் கொடுத்தது தும்மல் மருந்தான ஃபெக்சோஃபெனடின் 540 மி.கி., அதனுடன் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் 300 மி.கி.; இவர் விழுங்குவதோ ஃபெக்சோஃபெனடின் 120 மி.கி. மாத்திரை ஒன்று, அதுவும் நடை முடிந்து பல மணி நேரம் கழித்து. நடையையும் நிறுத்த வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், ஆனால் அதன் பெயரையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.