டேர்போ போகவில்லை, பைப்தான் வெடித்திருந்தது

போன சித்திரையில் ஒரு மத்தியானம். வவுனியாவில் இருந்து ஏ9 வீதியால் வந்துகொண்டிருந்தேன். மாங்குளம் தாண்டி மூன்றாவது கியரில் மிதித்தேன், கார் இழுக்கவில்லை. எக்சோஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்குகிற விசிறிதான் டேர்போ, அது கொடுக்கும் காற்றழுத்தம்தான் பூஸ்ட். வழமையாக 12 பி.எஸ்.ஐ வரை ஏறும் பூஸ்ட் முள் 5-இலேயே நின்றுவிட்டது. பொனட்டுக்குள் 'ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல், பின்கண்ணாடியில் கரும்புகை. முறிகண்டி வரைக்கும் மெல்ல ஓட்டி வந்து நிறுத்தினேன். டேர்போ சூட்டோடு இருக்கும்போது எஞ்சினை உடனே நிற்பாட்டினால் உள்ளே நிற்கிற ஒயில் கருகிவிடும் என்பதால், எப்போதும்போல இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டேன். பிள்ளையாரைக் கும்பிடப் போனபோதும் மனம் காரிலேயே இருந்தது.

என்னுடையது நிசான் சில்வியா எஸ்14. எஸ்.ஆர்.20 டேர்போ எஞ்சின், 1998 சி.சி. கொம்பனி விட்டபடி 220 குதிரை வலு, பூஸ்ட் 7 பி.எஸ்.ஐ அளவு. எனக்கு முன் வைத்திருந்தவர் டேர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கிற பெரிய இன்டர்கூலர், பெரிய சைலன்சர், பூஸ்ட் கொன்ட்ரோலர், மிதியை விட்டதும் காற்றை வெளியே விடுகிற புளோ-ஓஃப் வால்வ் எல்லாம் போட்டிருந்தார். ஆறு வருடம் சேர்த்த காசில் வாங்கிய கார். 95 ஒக்ரேன் பெற்றோல் கிடைத்தால் மட்டும் பூஸ்டை 12-இல் வைப்பேன், 92 அடித்தால் 7-க்கு இறக்கிவிடுவேன். அவ்வளவு கவனமாக வைத்திருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று அன்றிரவு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். இன்டர்கூலர் பைப்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டு, ஒயில் பட்ட விரலைக் காட்டினார்கள். "டேர்போ சீல் போயிட்டுது, புதுசு போடவேணும்." சொன்ன விலை இரண்டரை இலட்சத்துக்கு மேல். வேறு ஒன்றையும் அளந்து பார்க்கவில்லை. கடன் கேட்க யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பரந்தனில் இருக்கிற பழைய மெக்கானிக் ஐயாவிடம் ஒருக்கால் காட்டு என்று சொன்னது அம்மாதான். ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. 1990களில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்டின் ஏ40-ஐயும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர். காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். புகையையும் சத்தத்தையும் வைத்தே எஞ்சினைக் கண்டுபிடிக்கப் பழகியவர்கள் அவர்கள்.

அவர் பொனட்டைத் திறக்கச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்.

"தம்பி, புகை என்ன நிறம்?"

"ஓடேக்க கறுப்பு ஐயா. காலமை ஸ்டார்ட் பண்ணேக்க கொஞ்சம் நீலம்."

"நீலம் எவ்வளவு நேரம் நிக்குது?"

"ஒரு நிமிசம் இருக்காது."

"அப்ப அது ரெண்டு வருத்தம். ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். நீலப்புகை ஒயில் எரிவது. இரவு முழுக்க நின்ற கார் காலையில் ஒருமுறை நீலமாய் ஊதிவிட்டுத் தெளிந்தால், எஞ்சினின் வால்வ் சீல் தேய்ந்து அதால் வடிந்த ஒயில் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டேர்போ சீல் போயிருந்தால் பூஸ்டில் மிதிக்கும்போதும், நெடுநேரம் ஐடிலில் விட்டு றேஸ் பண்ணும்போதும் நீலம் வரும். எனக்கு அப்படி வரவில்லை. கரும்புகை பெற்றோல் கூடிப்போவது. பைப்புக்குள் மெல்லிய ஒயில் பூச்சு இருப்பது பெரிய அதிசயமும் இல்லை. எஞ்சினுடைய மூச்சுக்குழாய் ஹோஸ் வழியாக ஒயில் ஆவி அங்கேதான் வந்து சேர்கிறது.

பிறகு அளந்தோம். கொம்பிரசன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம், 150, 148, 152, 149. நாலு சிலிண்டருக்கும் இடையில் 4 பி.எஸ்.ஐ தான் வித்தியாசம், எஞ்சின் நல்லாக இருக்கிறது. டேர்போவின் வாயைக் கழற்றி அச்சைப் பிடித்து ஆட்டினோம். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம், அது இருக்கத்தான் வேண்டும். முன்னும் பின்னுமாக இழுத்தால் அசைவே இல்லை. இறக்கைகள் சுவரில் உரசிய அடையாளமும் இல்லை.

"காத்தை எங்க அளக்குது?" என்று கேட்டார். ஏர் கிளீனருக்குப் பக்கத்தில் இருக்கிற சூட்டுக்கம்பி மீற்றரைக் காட்டினேன். அதற்குள்ளால் போகிற காற்றைப் பார்த்துத்தான் கொம்பியூட்டர் பெற்றோல் விடுகிறது என்று விளங்கப்படுத்தினேன். கொஞ்சநேரம் பேசாமல் நின்றார். "அப்ப அளந்த காத்து வழியில கொட்டுப்படுது. பெற்றோல் மட்டும் முழுசாப் போகுது."

அவ்வளவுதான் விசயம். அவர் ஒரு சில்வியாவைத் தொட்டதே அன்றைக்குத்தான் முதல் தடவை.

லீக் பார்க்கிற சாமானை நாங்களே செய்தோம். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற பி.வி.சி மூடி ஒன்று, அதில் ஓட்டை போட்டு ஒரு ரயர் வால்வ். மூடியை ஒரு துண்டு ஹோஸால் டேர்போவின் வாயில் பொருத்தி, கிளிப் போட்டு இறுக்கினோம். மூச்சுக்குழாய் ஹோஸ்களை அடைத்துவிட்டு கொம்பிரசரால் மெல்ல மெல்லக் காற்று விட்டோம். பூஸ்டுக்கு மேல் காற்றடிக்கக் கூடாது. மூட்டுக்கு மூட்டு சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். எஞ்சினுக்குள் கொஞ்சம் காற்று இறங்கும் சத்தம் எப்படியும் கேட்கும், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

5 பி.எஸ்.ஐ வரை ஒன்றுமில்லை. 6-ஐ நெருங்கும்போது த்ரொட்டிலுக்கு (எஞ்சினுக்குக் காற்றை விடுகிற வாசலுக்கு) போகிற சிலிக்கன் பைப் வளைவின் அடிப்பக்கத்தில் நுரை பொங்கியது. முக்கால் அங்குல வெடிப்பு. காற்றை விட்டதும் உதடு மூடுவதுபோல மூடிக்கொண்டது, தடவினாலும் கைக்குத் தெரியவில்லை. முள் ஏன் 5-இல் நின்றது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது, உண்மையாக.

ஏன் வெடித்தது என்றும் தேடினார். எஞ்சின் மவுண்டின் றப்பர் ஒன்று கிழிந்திருந்தது. எங்கள் வீட்டுக் கிரவல் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எஞ்சின் ஆடி, வளைவு ஒரு தாங்கியில் உரசியிருக்கிறது. வளைவை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த மாரிக்குள் திரும்பவும் வெடித்திருக்கும். இரண்டையும் மாற்றினோம்.

கியர் மாற்றும்போது வருகிற சின்னத் தடங்கலுக்கும் இதே கணக்குத்தான். புளோ-ஓஃப் வால்வ் வெளியே விடுவதும் அளந்த காற்றுத்தான். அதைத் திருப்பி டேர்போவுக்கு முன்னால் சேர்க்கிற மாதிரி ஒரு பைப் போட்டேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். ஆனால் எஞ்சின் அதைவிடப் பிடிக்கும்.

பின்னேரம் முல்லைத்தீவு வீதியில் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்த்தோம். ஐயா பக்கத்தில் இருந்தார். முள் 12-க்குப் போய் அங்கேயே நின்றது, புகை இல்லை. "சரி, இனி வீட்ட போ" என்றார்.

வால்வ் சீல் இன்னும் மாற்றவில்லை. 1000 கிலோமீற்றருக்கு எவ்வளவு ஒயில் குறைகிறது என்று குறித்துக்கொண்டு வருகிறேன், இப்போதைக்கு 200 மில்லிலீற்றர். அந்த பி.வி.சி மூடி வட்டக்கச்சிப் பெடியன் ஒருவனிடம் இருக்கிறது. அவனுடைய காருக்கும் டேர்போ போய்விட்டதாம்.