1,100 கிராம் குழந்தை கணினியில் 1,500 ஆன கதை

பிரசவ வார்டின் கேஸ் ஷீட்டையும் பச்சிளங்குழந்தைப் பதிவேட்டையும் ஒரே மின்பதிவாக்கும் வேலை ஒருவழியாக ஓடத் தொடங்கிவிட்டது. சர்வர், டேப்லெட், பயிற்சி எல்லாம் சொன்ன தேதியில் முடிந்தன. உயிரை எடுத்தவை படிவத்தின் பெட்டிகள்தான்.

முதல் அடி எடைப் பெட்டியில். 2800 என்பதை யாராவது 280 என்று அடித்துவிடுவார்களோ என்று பயந்து, 1500-க்குக் கீழே எதையும் ஏற்காதபடி வைத்திருந்தோம். எஸ்.என்.சி.யூ. (பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவு) நோட்டில் 1,100 கிராம் என்று இருந்த குழந்தை கணினியில் 1,500 ஆகியிருந்தது. நைட் டியூட்டி நர்ஸைக் குறை சொல்ல முடியாது. சேமிக்கவே விடாத பெட்டிக்கு அது கேட்ட எண்ணைக் கொடுத்துவிட்டு அவர் குழந்தையைப் பார்க்கப் போய்விட்டார். மருந்தையும் பாலையும் குழந்தையின் எடையில் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் இடத்தில் 400 கிராம் வித்தியாசம் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது 300-க்குக் கீழும் 6000-க்கு மேலும் மட்டும்தான் மறுப்பு. 1000-க்குக் கீழோ 4500-க்கு மேலோ போனால் "சரிதானா?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். அலகு எப்போதும் கிராம். புள்ளி வைக்க இடமே இல்லை.

அப்கார் மதிப்பெண்ணில் (பிறந்ததும் குழந்தையின் மூச்சு, இதயத்துடிப்பு முதலிய ஐந்தைப் பார்த்துப் போடுவது) வேறு விதமாகக் கோட்டை விட்டோம். வேலை மிச்சமாகட்டும் என்று 1 நிமிடத்துக்கு 8, 5 நிமிடத்துக்கு 9 என முன்னரே நிரப்பி வைத்தோம். பிறந்த அத்தனை குழந்தைகளும் எட்டு, ஒன்பது! மருத்துவ அளவு எதற்கும் முன்நிரப்பு வைக்காதீர்கள். ஐந்து கூறுகளுக்கும் தனித்தனியாக 0, 1, 2 தொடச் சொல்லி, கூட்டலைக் கணினியிடம் விடுங்கள்.

கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டால் "ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம்" என்றுதான் பதில் வரும். நம் பெட்டியோ நாள், மாதம், வருடம் மூன்றும் இல்லாமல் நகராது. விளைவு, எல்லாம் ஒன்றாம் தேதி அல்லது பதினைந்தாம் தேதி. 280 நாள் கூட்டி வரும் பிரசவத் தேதியும் அதோடு சேர்ந்து ஆடும். குறைமாதமா நிறைமாதமா என்பதே மாறிப்போகும். பக்கத்தில் "உறுதி / தோராயம் / தெரியாது" என்று மூன்று பொத்தான் வைத்த பிறகுதான் தேதிகள் இயல்பாகப் பரவின. முதல் மூன்று மாத ஸ்கேன் காட்டும் பிரசவத் தேதியைத் தனிப் பெட்டியில் வாங்குங்கள். பழைய தேதியின் மேல் அதை எழுதிவிடாதீர்கள். இரண்டும் இருக்கட்டும், எதை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதும் பதிவாகட்டும்.

இரட்டைக் குழந்தை வந்த அன்று மூன்று விதிகள் ஒரே நேரத்தில் உடைந்தன. உயிருடன் உள்ள குழந்தைகள் பிரசவ எண்ணிக்கையைத் தாண்டக்கூடாது என்று ஒரு சரிபார்ப்பு இருந்தது. இரட்டைப் பிரசவம் ஒரே பிரசவமாகத்தான் எண்ணப்படும். பி1 எல்2 (ஒரு பிரசவம், உயிருடன் இரண்டு குழந்தைகள்) என்பது முழுக்கச் சரி. இரண்டாவது, ஒரு கர்ப்பத்துக்கு ஒரே பிறந்த நேரம்தான் என்று வைத்திருந்தோம். மூன்றாவதுதான் மோசம்: தாயை டிஸ்சார்ஜ் செய்ததும், எஸ்.என்.சி.யூ.வில் இருந்த குழந்தைகளின் பதிவும் தானாக மூடிக்கொண்டது. குழந்தைக்குப் பிறந்த நிமிடமே தனி எண் கொடுங்கள். தாயின் எண்ணோடு இணையுங்கள், அதற்குள் அடைக்காதீர்கள். பிறப்பு வரிசையும் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் "லட்சுமியின் குழந்தை"தான்.

எண் என்றதும் நினைவு வருகிறது. தமிழக அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளமான பிக்மியில் தரும் 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண்ணைப் (தாய்-சேய் நல எண்) பிறப்புப் பதிவுக்கே கேட்கிறார்கள். ஆனால் பெண் பதிவு செய்தது புகுந்த வீட்டு ஊரில். பிரசவம் தாய்வீட்டு ஊரில். அங்கே அப்பா இனிஷியல், இங்கே கணவர் இனிஷியல், போன் நம்பரும் வேறு. பெயரைத் தேடினால் கிடைக்காது, உடனே இன்னொரு எண். "வேற ஊர்ல பதிஞ்சிருக்கீங்களாம்மா? அட்டை இருக்கா?" என்று கேட்கும் திரையைத் தாண்டாமல் புதிய பதிவு திறக்காதபடி செய்ததில்தான் நகல்கள் குறைந்தன.

தடுப்பூசிப் பட்டியல் வாங்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று நடை. முதல் முறை அதிகாரி கேம்ப் போயிருந்தார். அடுத்த முறை எங்கள் கடிதத்தில் டெஸ்பாட்ச் நம்பர் இல்லையாம். மூன்றாவது நடையில் கிடைத்த ஜெராக்ஸ், டெட்டனஸ் ஊசி மட்டும் இருந்த காலத்துப் பழைய அட்டை. இப்போது போடுவது டிப்தீரியாவும் சேர்ந்த ஊசி. தமிழில் சுருக்கி எழுதினால் இரண்டுமே டி.டி.தான்! திரையில் முழுப்பெயரையே போட்டோம். பின்னால், கணினிக்காக, ஸ்நோமெட் சி.டி. என்ற சர்வதேச மருத்துவச் சொல் தொகுப்பின் குறியீடு. நர்ஸ் கண்ணில் குறியீடு படவே கூடாது.

நேரப் பெட்டியில் 24 மணி முறையைத் தவிர வேறு எதையும் அனுமதிக்காதீர்கள். நள்ளிரவு 12:10-க்குப் பிறந்த குழந்தை மதியத்துக்குப் போய், காலையில் போட்ட பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) பிறப்பதற்கு முன்பே போட்டதாகக் காட்டியது. நிகழ்ந்த நேரமும் பதிந்த நேரமும் தனித்தனியாக இருக்கட்டும். நெட் போனால் காகிதத்தில் எழுதி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஏற்றுவார்கள்.

முதல் மாதம் முடிந்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் எந்த மதிப்பு அதிகம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு ரத்தப்போக்குப் பெட்டியில் 200 மி.லி. வரிசையாக நின்றது. அளந்ததா, கண்மதிப்பா என்ற பொத்தானை இந்த வாரம்தான் சேர்த்திருக்கிறோம்.