பெட்டி சுற்றியதா, நகர்ந்ததா?

ஏழாம் வகுப்புத் தேர்வில் அது ஒரு மதிப்பெண் கேள்விதான். ராட்டினத்தில் தொங்கும் பெட்டியின் இயக்கம் எவ்வகை உருமாற்றம்? கணக்கில் உருமாற்றம் என்றால் ஒரு வடிவத்தை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குக் கொண்டுபோவது. விடைக்குறிப்பில் 'சுழற்சி' என்றிருந்தது. ஏறக்குறைய வகுப்பு முழுவதும் அதையே எழுதியிருந்தது. ஒரு பெண் மட்டும் 'இடப்பெயர்வு' என்று எழுதி, பக்கத்தில் 'உட்கார்ந்திருப்பவர் தலைகீழாக ஆவதில்லை' என்று சேர்த்திருந்தாள்.

அவளுக்கு மதிப்பெண் போட்டேன். சுழற்சி என்று எழுதியவர்களுக்கும் போட்டேன். அந்த இரண்டாவது முடிவுதான் இன்னும் என்னை விடாமல் அரிக்கிறது.

இடப்பெயர்வில் வடிவத்தின் எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே தூரம் போக வேண்டும். முக்கோணத்தை வலப்பக்கம் 4 கட்டம் நகர்த்தச் சொன்னால், பிள்ளைகள் பழையதன் வலது ஓரத்திலிருந்து புதியதன் இடது ஓரம் வரை 4 கட்டம் எண்ணுவார்கள். முக்கோணத்தின் அகலம் 2 என்றால் அது 6 கட்டம் தள்ளிப் போய் நிற்கும். முனைக்கு முனை எண்ண வேண்டும் என்பதைப் பதிய வைக்கவே பல வகுப்புகள் போய்விடும். அப்படியிருக்க, ஒரு பிள்ளை தானாகவே பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து யோசித்திருக்கிறாள்.

அவள் சொன்னது சரி. பெட்டியின் கூரையில் ஓர் ஆணி, தரையில் ஓர் ஆணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டி ஆடாமல் அடியிலிருந்து உச்சிக்குப் போனால் இரண்டு ஆணிகளும் ஒரே அளவு மேலே போயிருக்கும். இரண்டும் போடும் வட்டங்களும் ஒரே அளவுதான், மையம் மட்டும் வேறு. சக்கரத்தின் ஆரக்காலில் அப்படி இல்லை. அச்சுக்குப் பக்கத்திலுள்ள திருகு சின்ன வட்டம் போடும், ஓரத்திலுள்ளது பெரிய வட்டம் போடும். லண்டனில் உள்ள 'லண்டன் ஐ' என்ற பெரிய ராட்டினத்தில் பெட்டிகள் தொங்குவதில்லை. விளிம்புக்கு வெளியே பொருத்தி, சக்கரம் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவையும் மோட்டாரால் எதிர்ப்பக்கம் திருப்பி நேராக வைக்கிறார்கள். ஒரு சுழற்சி, அதே அளவுக்கு எதிர்ச் சுழற்சி. சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது இடப்பெயர்வு.

"பாதை வட்டமா இருந்தா சுழற்சிதான் டீச்சர், பிள்ளைங்கள குழப்பாதீங்க" என்றார் எங்கள் மூத்த கணக்கு ஆசிரியர். உருமாற்றத்தில் பாதை கணக்கில் வராது, தொடக்க நிலையும் இறுதி நிலையும்தான் என்றேன். "சரி, அவ புரிஞ்சு எழுதினாளா?" என்று கேட்டார். அந்த ஒரு வரிக்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

விடைத்தாள் கொடுத்த அன்று அவளுடைய பக்கத்து இருக்கைப் பெண் எழுந்தாள். "நாங்க வேற வேற எழுதியிருக்கோம், ரெண்டு பேருக்கும் எப்படி டீச்சர் மார்க்?"

"சக்கரத்தைப் பார்த்தா சுழற்சி, பெட்டியைப் பார்த்தா இடப்பெயர்வு" என்றேன்.

உடனே அவள், "கேள்வியில பெட்டின்னுதானே டீச்சர் இருக்கு?" என்றாள்.

நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுதினீர்கள், அதனால் குறைக்கவில்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை. எங்கள் குறிப்பை நம்பிய பிள்ளைகளை நான் எப்படித் தண்டிப்பது? ஆனால் கேட்டது கணக்கு, நான் சொன்னது நிர்வாகம். பெட்டியை உற்றுப் பார்த்தவளுக்கும் பார்க்காதவர்களுக்கும் அதே ஒரு மதிப்பெண். பார்த்தவளுக்கு அதனால் என்ன கிடைத்தது?

அப்புறம் ஒரு நாள் அட்டைச் சக்கரத்தில் குண்டூசியால் காகிதப் பெட்டியைத் தொங்கவிட்டுச் சுற்றிக் காட்டினேன். பெட்டியில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் வரைந்திருந்தேன். அம்பு கடைசிவரை மேலேயே பார்த்தது. அப்படியும் பாதிப் பேர் "சுத்துது டீச்சர்" என்றார்கள். அவர்கள் கண்ணுக்குச் சுற்றத்தானே செய்கிறது. பதினோரு, பன்னிரண்டு வயதில் பாதையை மறந்து நிலையை மட்டும் பார் என்பது பெரிய எதிர்பார்ப்புதானோ என்று அப்போது தோன்றியது. பக்கத்திலேயே அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கும் அதே வயதுதான்.

அடுத்த தேர்வில் இந்தக் கேள்வியே வேண்டாம் என்கிறார் மூத்தவர். இருக்கட்டும், விடைக்குறிப்பை மாற்றுவோம் என்கிறேன் நான். மாற்றினால் சுழற்சி என்று எழுதுபவர்களுக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்கிறார். பூஜ்யம் என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.