கானில் போட்ட தேயிலைப்பூ

கோப்பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்த ஆத்தா, "என்னா தம்பி, சுண்ணாம்பக் கரைச்சிக் குடுக்கிறீங்க?" என்று சிரித்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மகள் கூட்டி வந்திருந்தாள். சோறு தொண்டையிலேயே நிற்கிறதாம். நான் எக்ஸ்ரே பிரிவில் சேர்ந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை.

சுண்ணாம்பு இல்லை, பேரியம் சல்பேற்று. பேரியத்தின் அணுவெண் 56. தசையில் நிறைந்திருக்கும் காபனுக்கு 6, ஒட்சிசனுக்கு 8. அணுவெண் கூடக்கூட எக்ஸ்ரேயை மறிப்பதும் கூடும். அதனால் பேரியம் போகும் வழியெல்லாம் திரையில் நிழல் ஓடும். றொன்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். அடுத்த வருடமே ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வோல்டர் கனன், ஒரு வாத்துக்கு, பேரியம் மாதிரியே எக்ஸ்ரேயை மறிக்கும் பிஸ்மத் கொடுத்து அது கழுத்தில் இறங்குவதைப் பார்த்துவிட்டார். நீளக் கழுத்துள்ள பிராணியாகப் பிடித்தாரே, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஆத்தாவின் முதல் மிடறு மங்கலாக, விறுவிறுவென்று போனது. கடைசி மிடறு கன்னங்கரேலென்று ஒட்டி ஒட்டி ஊர்ந்தது. அடைப்புதான் என்று முடிவே கட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற மூத்தவர் ஒன்றும் பேசாமல் கோப்பைக்குள் கரண்டியை விட்டார். அடியிலிருந்து களி மாதிரி ஒரு கட்டி வந்தது.

"நிக்கிறது தொண்டையில இல்ல, இங்கதான்" என்றார்.

பேரியம் சல்பேற்று கரையாது. தண்ணீரைவிட நாலரை மடங்கு கனம். காலையில் கலக்கி வைத்ததை நான் மறுபடி கலக்காமலே கொடுத்திருந்தேன். என் கவனக்குறைவுக்காக அந்த வயசாளி இன்னொரு தடவை கதிர் வாங்க வேண்டியதாயிற்று. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

சின்ன வயதில் மழை விட்டதும் லயத்துக்குப் பின்னால் ஓடும் வடிகால் கானில் தேயிலைப்பூவைப் போட்டு, கூடவே ஓடுவோம். பூ போகும் வேகம்தான் தண்ணீரின் வேகம் என்று நினைப்பு. பூ மேலே மட்டும்தான் போகிறது. அடியில் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். ஆற்றில் மிதவை விட்டு அளப்பவர்கள் மேற்பரப்பு வேகத்தை 0.85 அளவால் பெருக்கிக்கொள்வது இதனால்தான்.

ஆய்வுகூடத்தில் திரவம் ஓடும் வேகத்தை அளப்பவர்களுக்கும் இதே தொல்லை இருப்பதைப் பிறகு படித்தேன். தெளிந்த திரவம் என்றால் துகள்களைத் தூவி, லேசர் அடித்து, கமராவில் பிடித்துவிடலாம். இரத்தத்திலும் பாலிலும் சேற்றிலும் லேசர் தோற்றுப்போகும், எக்ஸ்ரேதான் வேண்டும். இரண்டு படங்களுக்கிடையில் துகள் நகர்ந்த தூரத்தை இடைவேளையால் வகுத்தால் வேகம். ஆனால் நிழல் விழக் கனமான அணு வேண்டும், அமிழாமல் கூடவே போக இலேசாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று பகை. அதற்கு, உள்ளே வெறுமையான கண்ணாடி மணிகளுக்கு வெள்ளி பூசுகிறார்கள். அதைப் படித்தபோது அந்தக் களிக்கட்டி கண்முன் வந்தது.

இரண்டாம் தடவை ஆத்தாவைச் சரிவாகத் திருப்பி நிறுத்தினோம். எக்ஸ்ரேயில் முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். நேரே பார்த்தால் எது எங்கே என்று தெரியாது. சரிவில் தெரிந்தது: அடைப்பே இல்லை. விழுங்கும்போது கொஞ்சம் பேரியம் மூச்சுக்குழல் பக்கம் வழுக்கிக்கொண்டிருந்தது. தொண்டையைக் கடக்க ஒரு விநாடிதான்; கண் சிமிட்டியிருந்தால் விட்டிருப்போம்.

இப்போது கொடுக்கும் முன் கோப்பையை நன்றாகக் கலக்குகிறேன். "சீனி போட்டிருக்கீங்களா தம்பி?" என்று யாராவது ஒருவர் தினமும் கேட்கிறார்.