ஒரே ‘லூஸ்’, இரண்டு சொற்கள்

மஞ்சக்குப்பத்தில் என் டைப்பிங் கடைக்கு வேலை விண்ணப்பத்தோடு வருகிற பிள்ளைகளின் தாளில் நான் முதலில் தேடுவது ‘லூஸ்’ என்கிற சொல்லைத்தான். ‘இந்த வாய்ப்பை இழக்க விரும்பவில்லை’ என்று சொல்ல வந்திருப்பார்கள். ஓ ஒன்று கூடிப்போய், சட்டை தொளதொளவென்று இருப்பதைச் சொல்லும் ‘லூஸ்’ வந்து உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டர் பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது. அதற்கு இரண்டுமே சரியான சொல்.

கவனக்குறைவு என்று பிள்ளைகளைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இங்கிலாந்துக்காரர் காதில் இவை வேறு வேறு ஒலி. இழப்பது இஸட் ஒலியில் முடியும், தொளதொளப்பு எஸ் ஒலியில். தமிழில் இஸட் ஒலி இல்லை, நம் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். விலையையும் ‘பிரைஸ்’ என்கிறோம், பரிசையும் ‘பிரைஸ்’ என்கிறோம். விலைக்கு சி, பரிசுக்கு இஸட். பள்ளி விளையாட்டு விழா அழைப்பிதழ் வந்தால் இந்த ஒரு எழுத்தைப் பார்க்காமல் அச்சுக்கு விடமாட்டேன்.

கழுத்தில் விரல் வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். இஸட் ஒலிக்குத் தொண்டை அதிரும், எஸ்ஸுக்கு அதிராது. ‘லூஸ்’ சொல்லும்போது கடைசியில் அதிர்ந்தால் ஒற்றை ஓ, அதிராவிட்டால் இரட்டை ஓ. ‘அட்வைஸ்’ அப்படியே: அறிவுரைக்கு அதிராது, சி போடுங்கள். அறிவுரை சொல்வதற்கு அதிரும், எஸ் போடுங்கள். ‘பிராக்டிஸ்’ மட்டும் இதற்கு அடங்காது. பிரிட்டிஷ் எழுத்தில் பெயருக்கு சி, வினைக்கு எஸ். அமெரிக்கர்கள் இரண்டுக்கும் சி.

‘டெசர்ட்’ விஷயம் பாண்டிச்சேரி மெனு அட்டைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சுலபம். சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்த பிறகு வரும் இனிப்பு அது. மேசையைக் காலிசெய்வதைக் குறிக்கும் ‘தெஸ்ஸெர்வீர்’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. ‘தெஸ்’ முன்னொட்டில் ஒரு எஸ், பரிமாறுவதைச் சொல்லும் ‘செர்வீர்’ தொடங்கும்போது இன்னொரு எஸ். பாலைவனம் லத்தீன் வழி வந்த வேறு சொல், அதற்கு ஒரு எஸ் போதும்.

‘ஸ்டேஷனரி’க்குக் காது உதவாது. அசையாமல் நிற்பதும் எழுதுபொருளும் ஆங்கிலேயருக்கே ஒரே ஒலிதான். பிறந்த இடமும் ஒன்று. ஊர் ஊராகச் சுற்றாமல், பல்கலைக்கழகத்தை ஒட்டி நிலையாகக் கடை போட்ட இடைக்காலப் புத்தக வியாபாரிக்குத்தான் ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். எழுதுபொருளுக்கு, ‘பேப்பர்’ முடிவதுபோல இ, ஆர், அதன்பின் ஒய். கடைப் பலகை எழுதக் கொடுப்பவர்கள் பெயிண்டரிடம் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்துவிடுங்கள்.