குடத்தில் பேர் வெட்டுகிற ஊர்

அகழாய்வில் கிடைத்த பழம்பொருட்களை வைத்திருக்கும் கீழடி அருங்காட்சியகத்தை 2023 மார்ச்சில் திறந்தார்கள். ஏறக்குறைய 18 கோடி ரூபாய் செலவு, செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாக அழகாகவே இருக்கிறது. ஆனால் அங்கிருந்து ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் போன வருஷம் வரை ஒரு பிள்ளைகூட அதைப் பார்த்ததில்லை. ஆசை இல்லாமல் இல்லை, வேன் வாடகைக்கு வழியில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு கம்பெனியிடம் கேட்டுப் பார்த்தோம். பிள்ளைகள் அவர்கள் பேனரைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டுமாம். சாமி, ஆளை விடுங்கள் என்று வந்துவிட்டோம். அப்புறம் கூடப் படித்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டதில் 14,000 ரூபாய் சேர்ந்தது, வேனுக்கும் புளிசாதத்துக்கும் நுழைவுச் சீட்டுக்கும் பிள்ளைக்கு ஒரு நோட்டுக்கும் அது போதுமாக இருந்தது.

நானும் கூடப் போனேன். கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று நான் அளந்துகொண்டிருந்ததை யாரும் காதில் வாங்கவில்லை. தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ‘ஆதன்’ என்று பேர் கீறிய பானை ஓட்டுக்கு முன்னால்தான் நின்றார்கள். பானையில் எதுக்கு சார் பேரு என்று ஒருவன் கேட்க, நான் வாய் திறப்பதற்குள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எங்க வீட்டு எவர்சில்வர் குடத்துல எங்கம்மா பேரு வெட்டியிருக்குல்ல, கல்யாண வீட்டுக்கு இரவல் போனா மாறிடக் கூடாதுன்னு" என்றாள். ஆதன் என்ன நினைத்து எழுதினானோ, யாருக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அவன் பாடப்புத்தகத்து ஆள் இல்லை, எங்கள் தெருக்காரன். சுடுமண் வட்டச் சில்லுகளைப் பார்த்ததும் பாண்டி ஆடுகிற கூட்டம் போட்ட சத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

18 கோடியைக் குறை சொல்லவில்லை, கட்டிடம் இல்லாவிட்டால் எங்கே கூட்டிப் போவது? அந்தப் பணத்தோடு பிள்ளைகளை அதன் வாசலில் இறக்கிவிடுகிற சில்லறைப் பணத்தையும் ஒதுக்கினால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

ஊர் திரும்பிய மறுவாரமே கண்மாய்க்கரை முழுக்கப் பானை ஓடு தேடும் பிள்ளைகள்! தோண்டக் கூடாது, மேலே கிடப்பதையும் இடத்தைக் குறித்துவிட்டு டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறோம். இருந்தாலும் டீச்சர் மேசையில் இப்போது ஒரு கூடை ஓடு. இரண்டு மூன்று பழங்காலப் பானை மாதிரி கருப்பு சிவப்பாக இருக்கின்றன, தெரிந்தவர்கள் வந்து பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் நிச்சயமாக எங்கள் வீட்டுப் பூந்தொட்டி.